சர்க்கரை போடாமலே இனித்த பால்

ஓட்ஸ் பால் தயாரிக்கும் ஆலையில் நான் தொட்டி ஆபரேட்டர். அக்காவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, வாரம் நாலு பாக்கெட் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். பாக்கெட்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்: சர்க்கரை சேர்க்கப்படவில்லை. அதை நம்பி தினமும் பெரிய தம்ளர் நிறையக் குடித்தாள்.

மூன்று மாதமாகியும் ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் அவள் மேல்கையில் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டிவிட்டார். உடம்பின் சர்க்கரை செல்போனில் கோடாக ஓடும். ஞாயிறு காலை அக்கா வெறும் வயிற்றில் பாலை மட்டும் குடித்தாள். அக்கா, அத்தான், நான் மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். நூற்றுப் பன்னிரண்டில் கிளம்பிய கோடு முக்கால் மணி நேரத்தில் நூற்று எண்பத்தாறுக்குப் போய்விட்டது.

"லிஃப்ட்ல ஏறின மாதிரியில்ல போகுது!" என்றார் அத்தான்.

அக்கா என்னை முறைத்தாள். "ஏன்டா, உங்க கம்பெனியில திருட்டுத்தனமா சர்க்கரை போடறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "சத்தியமா இல்லக்கா. தொட்டிய நான்தானே பாத்துக்கறேன்!"

மறுநாள் ஆலையின் ஆய்வகப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். எதற்கும் விளக்கம் சொல்வாள் என்பதால் நாங்கள் வைத்த பெயர் டீச்சர். அவள் இரண்டு கப் நீட்டினாள். ஒன்று, ஓட்ஸ் கரைத்தவுடன் தொட்டியிலிருந்து எடுத்தது. போஸ்டர் ஒட்டும் பசைபோலக் கொழகொழத்தது. இன்னொன்று, ஒரு மணி நேரம் கழித்து எடுத்தது, நீர்த்துப்போய் இனித்தது.

"இதுல யாரு சர்க்கரை போட்டா?" என்று கேட்டேன்.

"யாரும் போடலண்ணா. ஒரு சின்ன கேன்லேருந்து ஊத்தறீங்களே, அது என்சைம். மாவுச்சத்த வெட்டி வெட்டிச் சர்க்கரையா ஆக்கிடும். நம்ம எச்சில்லயும் அப்படி ஒண்ணு இருக்கு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று வருடமாக அந்த கேனைக் கவிழ்த்த கை என்னுடையது. உள்ளே இப்படியொரு வேலை நடக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்து, "முழுங்காம மென்னுகிட்டே இரு" என்றேன். ஒரு நிமிடம் மென்றாள். கண் அகல விரிந்தது.

"இனிக்குதுடா!"

பாக்கெட்டைத் திருப்பினோம். பின்பக்கம், எறும்பு எழுத்தில், மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்று அச்சடித்திருந்தது. பொய் எழுதவில்லை, நாங்கள்தான் முகப்போடு நின்றுவிட்டோம்.

அடுத்த ஞாயிறு, பின்பக்கம் படித்து வாங்கிய, இனிப்புச் சேர்க்காத சோயா பால். கோடு லேசாக நெளிந்து, கிட்டத்தட்ட கிடையாகவே ஓடியது. பச்சை வாடை அடிக்கிறது என்று அத்தான் மூக்கைச் சுளித்தார். அக்கா காதில் வாங்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குள்ள இத்தன நாளா இந்தக் கோடு ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு, பாரேன்" என்றாள், மெதுவாக.