கப்டன் சொல்லாத வசனம்

படம் ஒன்று. அதன் அடியில் ஓட எழுதிய தமிழ் வசனமும் ஒன்று. திருச்செல்வம் தன் கணினியில் இறக்கி வைத்திருந்த பிரதியை ஓடவிட்டால், ஆள் வாயைத் திறக்கும்போது எழுத்து வந்தது, மூடும்போது போனது. நண்பன் பஹ்மி கடையில் வாங்கிய டிஸ்க்கைப் போட்டு அதே வசனத்தை ஏற்றினால் எழுத்து பின்தங்கியது. ஒரே அளவாகப் பின்தங்கியிருந்தால் கவலையில்லை, எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் முன்னே தள்ளிவிடலாம். தள்ளியும் பார்த்தான். முதற் காட்சி சரியாக வந்தது, அடுத்தது பிசகியது. அடுத்ததைச் சரியாக்கினால், முதற் காட்சியில் ஆள் பேசுமுன்னரே எழுத்து வந்து காத்து நின்றது. படத்தின் முடிவிலோ, கப்பல் வெடித்துச் சிதறிய பிறகுதான் "ஓடுங்கள், வெடிக்கப் போகிறது" என்று வந்தது.

பௌதிகவியல் படிப்பிக்கிற மனிதனுக்கு இது மானப் பிரச்சினை. அதைவிட, இந்தப் பிசகால்தான் கண்டி, கட்டுகலையில் அவன் உரிமையோடு போய்வந்த ஒரே வீடு அவனுக்கு மூடிப் போயிருந்தது.

அது பஹ்மியின் வீடு. பஹ்மி, வங்கியில் வேலை செய்யும் விமலநாதன், திருச்செல்வம் மூவரும் கண்டியில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்தே லுமேராப் படங்களின் பைத்தியங்கள். அவர்களை அந்தப் பைத்தியத்தில் தள்ளியவள் பஹ்மியின் அக்கா அனீஸா. தம்பி அவளை ராத்தா என்று கூப்பிட, மற்ற இருவருக்கும் அவள் ராத்தாவாகிவிட்டாள். பழைய படங்கள் மூன்று. லுமேரா என்ற நிலவை அதில் குடியிருந்த சனத்தோடு ஒரு படை அழித்துவிடுகிறது. கட்டளையிட்டது யார் என்று கப்டன் றோவன் மூன்று படங்களிலும் தேடித் திரிகிறார். மூன்றாவதில் கண்டுபிடிக்கிறார், கண்டுபிடித்ததற்காகச் சாகிறார்.

தலதா மாளிகைக்கு அருகே புலிகளின் லொறிக் குண்டு வெடித்த காலையில் அனீஸா அந்த வீதியால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். உயிர் தப்பியது, இரண்டு காதும் போயிற்று. எதிரே நின்று மெதுவாகப் பேசினால் உதட்டைப் படித்துக்கொள்வாள். அதன் பிறகும் பழைய மூன்று படங்களையும் அவள் விடவில்லை. வசனம் முழுக்க மனப்பாடம் என்பதால் காது தேவைப்படவில்லை.

இப்போது புதிய கொம்பனி ஒன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிப் படமெடுத்திருந்தது. இளம் றோவன், புதிய கப்பல். பார்த்தவர்கள் எல்லாரும் அனீஸாவுக்குச் சைகையிலும் துண்டுக் கடதாசியிலும் அபிப்பிராயம் சொன்னார்கள். அவளுக்கு எரிச்சல் வந்தது.

"எனக்கு ஒருத்தரும் கத சொல்லத் தேவல்ல. நானே பார்த்து, நல்லமா கூடாதா எண்டு நானே சொல்லுவன். நீங்க தமிழ்ல எழுதித் தாங்க."

திருச்செல்வம் எழுதினான். தன் பிரதியோடு ஓடவிட்டு ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தான். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் எழுத்தைக் கொண்டுபோய்ப் பஹ்மியின் கணினியில் ஏற்றினான். டிஸ்க் ஓடத் தொடங்கியது.

"பாட்டையும் நாசமாக்கிட்டானுகள். பழைய படத்துல வயித்துக்குள்ள இருந்து வரும். இதுல எலி கத்துற மாதிரி இரிக்கி" என்றான் பஹ்மி.

"உன்ர காது பழுது. அதே பாட்டுத்தான், நான் செல்வத்தின்ர பிரதியில கேட்டனான்" என்றான் விமலநாதன். சொல்லிவிட்டு அனீஸாவைப் பார்த்து நாக்கைக் கடித்தான். அவள் சிரித்தாள். "என்னமோ காதப் பத்தித்தானே? பேசுங்க, எனக்கென்ன."

முதற் காட்சி ஒரு விசாரணை மண்டபம். நரைத்த ஜெனரல் ஏதோ சொன்னார். கமெரா திரும்பி இளம் றோவனின் முகத்தில் நின்றது. றோவனின் உதடு அசைந்தபோது அடியில் தமிழ் வந்தது: "லுமேராவில் இறந்தவர்கள் இறக்கத்தான் வேண்டியிருந்தது. நாங்கள் வாழ வேறு வழி இருக்கவில்லை."

அனீஸா படத்தை நிறுத்தினாள்.

"இத அவர் சொன்னதா, நீங்க எழுதினதா?"

"அது ஜெனரல் சொல்லுறது, ராத்தா. எழுத்து கொஞ்சம் பிந்தி..."

"நான் செவிடு. குருடு இல்ல. அவர்ட வாய் அசஞ்சத என்ட கண்ணால பார்த்தன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். பஹ்மி டிஸ்க்கைக் கழற்றித் திருச்செல்வத்தின் கையில் திணித்து, கேற் வரை வந்தான்.

"அவனுகள்ட இங்கிலீஷ் எனக்கு வெளங்கல்ல, ஆனா ராத்தாட காது எப்படிப் போன எண்டு தெரிஞ்சிக்கிட்டே இப்படி எழுத மனசு வந்திச்சா? ஒங்கட ஆக்கள் வச்ச குண்டுடா அது. சாகத்தான் வேணுமாம். இனி இங்க வராத."

திருச்செல்வத்தின் அக்காவும் பிள்ளைகளும் அப்போது வன்னியில் ஷெல்லடிக்குப் பயந்து ஏதோ பங்கருக்குள் இருந்தார்கள். இருந்தார்களா என்றும் தெரியாது. அந்த வசனத்தை வேறு சொற்களில் அவன் தினமும் வானொலியின் போர்ச் செய்தியில் கேட்டுக்கொண்டிருந்தான். அதைப் பஹ்மியிடம் சொல்லாமலே கேற்றைச் சாத்தினான். தான் தங்கியிருந்த பேராதனைக்குப் பஸ் ஏறினான். வழிச் சோதனையில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் அவனை மட்டும் ஓரமாக நிறுத்தினார்கள். டிஸ்க்கை ஆமிக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "படமா? நல்ல படமா?" என்று சிங்களத்தில் கேட்டான். திருச்செல்வம் டிஸ்க்குக்காகக் கையை நீட்டினான்.

பல மாலைகள் எழுத்தை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் பார்த்தான். பிசகு எங்கே தொடங்குகிறது என்று தேடினால், எங்கேயும் தொடங்கவில்லை. முதல் வினாடியிலிருந்தே மெல்ல மெல்ல ஊறிக்கொண்டு வந்தது. சோர்ந்துபோய் இரண்டு பிரதிகளின் தொடக்கப் பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டான். டிஸ்க்கில் பாட்டு உண்மையிலேயே கீச்சிட்டது. பஹ்மியும் பொய் சொல்லவில்லை, விமலநாதனும் பொய் சொல்லவில்லை. ஒரு கசற்றை வேகமாக ஓடவிட்டால் தடித்த குரலும் மெலிந்துவிடும். அப்படியானால் டிஸ்க்கில் பாட்டு மட்டுமா வேகமாக ஓடுகிறது?

இரண்டு பிரதிகளின் நீளத்தையும் பார்த்தான். ஒரு காட்சியும் வெட்டப்படவில்லை, ஆனாலும் டிஸ்க் சில நிமிடங்கள் முந்தி முடிந்தது. கதிரையில் சாய்ந்து தனியே சிரித்தான்.

அடுத்த ஞாயிறு, திருத்திய எழுத்தோடு கட்டுகலைக்குப் போனான். கதவைத் திறந்தவள் அனீஸா. அவளுக்கு முகம் தெரியும்படி நின்று, "ஒருக்காப் பாருங்கோ. பிறகு போகச் சொல்லுங்கோ" என்றான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பஹ்மி அவன் நீட்டிய டிஸ்க்கை வாங்கினான். முன்பே வந்திருந்த விமலநாதன் கணினியைப் போட்டான்.

விசாரணை மண்டபம் வந்தது. ஜெனரலின் உதடு அசைந்தது, அவருடைய முகத்துக்கு அடியிலேயே அந்த வசனம் வந்து, அவரோடேயே போயிற்று. கமெரா றோவனிடம் திரும்பியது. இந்தமுறை அவனுடைய வசனம் அவனுக்குக் கிடைத்தது: "நடந்தது நடந்துவிட்டது, ஐயா. எனக்கு ஒரு கப்பல் தாருங்கள்."

அனீஸா நிறுத்தவில்லை. கப்பல் வெடித்துப் பெயர்கள் ஓடி முடியும்வரை அசையாமல் பார்த்தாள். பஹ்மி உள்ளே போய்ப் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து, திருச்செல்வத்தின் முன்னால் அவனைப் பார்க்காமலே வைத்தான்.

"அண்டைக்கு ஒங்களப் பத்தி நான் நெனச்சது பிழ" என்றாள் அனீஸா. "இந்தப் புது றோவனப் பத்தி நெனச்சது பிழ இல்ல. நம்மட றோவன் மூணு படமாத் தேடினத, இவன் ஒரு கப்பலுக்கு வித்துட்டான். அந்தக் கெழவன் சொன்னதக் கேட்டுட்டு ஐயா எண்டு வேற சொல்றான்."

விமலநாதன் அவளுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னான்: "இது முதல் பாகம்தானே, ராத்தா. அடுத்ததில கேப்பான்."

"கேக்க மாட்டான். இதுல லுமேராவுல செத்த ஒருத்தர்ட மொகத்தயாவது காட்டினாங்களா? மொகமே இல்லாதவங்களுக்காக யாரு கேக்கிற?"

விமலநாதன் டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டான். திருச்செல்வம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். தன் வசனம் சரியாக வேலை செய்ததில் அவனுக்கு இருந்த சந்தோஷம் குறைந்துவிட்டது.

"சரி, அத எப்படிச் சரியாக்கின?" என்று அனீஸாதான் கேட்டாள். "ஒங்கட வீட்டுல ஒண்டு, இங்க ஒண்டா ஓடின எப்படி?"

அவன் கதிரையை அவளுக்கு நேரே திருப்பிப் போட்டு, அவள் உதட்டைப் படிக்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"சினிமாவில ஒரு வினாடிக்கு இருபத்துநாலு படம் ஓடும். எங்கட நாட்டு ரீவிக்கு இருபத்தஞ்சு வேணும். அதனால டிஸ்க் செய்யிறவங்கள் முழுப் படத்தையும் கொஞ்சம் வேகமா ஓட விடுறாங்கள். நான் எழுதினது மெதுவா ஓடுற பிரதிக்கு. ஒவ்வொரு வரியின்ர நேரத்தையும் இருபத்துநாலால பெருக்கி இருபத்தஞ்சால பிரிச்சன். எழுத்து சரியான ஆளுக்குக் கீழ வந்திட்டுது."