ஷிஜினின் வாழ்க்கைக் குறிப்பு

“மஞ்சப்பித்தம்ன்னு எழுது” என்று சுந்தரதாஸ் இரண்டாம் தடவை சொன்னபோது டெல்னாவின் பேனா காகிதத்தில் ஒரே இடத்தில் நின்று மை ஊறிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அவள் தம்பி ஷிஜின் கிடந்தான். வயது இருபத்து நான்கு. சாகும்போது எடை முப்பத்தெட்டு கிலோ. போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டைக்குள் இன்னொரு ஷிஜினையும் நுழைக்கலாம். பதினொரு மணிக்கு அடக்கம். அதற்கு முன் முற்றத்தில் ஜெபம் நடக்கும்போது, செத்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வீட்டு ஆள் ஒருவர் எழுந்து வாசிப்பது அவர்கள் சபை வழக்கம். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, படித்தது, என்ன நோயில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தது, எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். அந்த வீட்டில் பி.காம். முடித்தவள் டெல்னாதான். எழுதுவதும் வாசிப்பதும் அவள் தலையில் விழுந்தன.

“அது மஞ்சப்பித்தம் இல்லியே அப்பா.”

“எனக்குத் தெரியாதா? ஒனக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்து நிக்குது. காட்டாக்கடைக்காரங்க இண்ணைக்கு அடக்கத்துக்கு வாறாங்க. எச்ஐவின்னு எழுதினா பின்ன எவன் இந்த வாசல்ல சவிட்டுவான்?”

அம்மா விமலகுமாரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “எழுதிரு மக்கா” என்று மட்டும் சொன்னாள்.

டெல்னா எழுதினாள். எழுத எழுத அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாறசாலையில் ரயில் பாதையை ஒட்டிய புறம்போக்கில் முப்பத்தொரு வீடுகள். நிலத்துக்குப் பட்டயம் தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் கைகூப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அங்குள்ள பயல்களுக்கு வேலை கொடுக்க ஒருவனும் வரவில்லை. போதை ஊசி கொண்டுவந்து கொடுக்க மட்டும் ஆள் வந்தது. கல் உடைக்கும் பாறைமடைக்குப் பின்னால் ஐந்து பேருக்கு ஒரே ஊசி. காலனிப் பயல் என்று தெரிந்தால் மருந்துக்கடையில் புது ஊசி கொடுக்கமாட்டார்கள். தண்ணீரில் கழுவினால் போதும் என்று அந்த ஐந்து அறிவாளிகளும் முடிவுகட்டியிருந்தார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் ஷிஜினுக்கு விடாத காய்ச்சல். நெய்யாற்றின்கரையில் ரத்தம் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். மாத்திரை உண்டு, நாள் தவறாமல் சாப்பிட்டால் எல்லோரையும் போல வாழலாம் என்றும் சொன்னார்கள். ஷிஜின் வீட்டுக்குக்கூட வராமல் நேரே லிண்டோவிடம் போனான். ஐந்து பேரில் லிண்டோவுக்குத்தான் கல்யாணம் ஆகியிருந்தது, மனைவி பெயர் ஆன். “நீயும் போய்ப் பாருலே, ஆனையும் கூட்டிட்டுப் போ” என்றிருக்கிறான். லிண்டோ அவன் வாயிலேயே குத்தினான். முன்பல் இரண்டும் போயின. அந்தக் காலனி ஆண்களுக்கு எப்போதும் வாயைவிடக் கை முந்தும்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்தான் என்று அப்பா ஊருக்குச் சொன்னார். இனி ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்று பெயரைக் கெடுக்காதே என்று மகனுக்குச் சொன்னார். இரண்டாம் மாதம் மாத்திரை நின்றது. நெஞ்சில் சயரோகம் ஏறியது. அப்பாவின் மானம் தப்பியது, ஷிஜின் தப்பவில்லை.

போன வாரம் அவன் மூச்சு வாங்க வாங்க அவள் கையைப் பிடித்தான். “எனக்க பேரு போனாப் போட்டும் அக்கா. ஆனுக்குச் சொல்லு. வயித்துல பிள்ளை உண்டு.” ஆனுக்கு அப்போது ஆறு மாதம். கர்ப்பிணிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சி இரண்டு தடவை ரத்தம் பார்க்கக் கூப்பிட்டும் லிண்டோ மனைவியை அனுப்பவில்லை. டெல்னா அன்று மாலையே போனாள். வாசலிலேயே அவன் மறித்துத் திருப்பிவிட்டான். முதலிலேயே போயிருக்கலாம். அப்பாவுக்குப் பயந்து இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைக்கும்போது, அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

பத்தரைக்கு உபதேசியார் ராஜையா ஜெபத்தைத் தொடங்கினார். ஷிஜினைச் சவப்பெட்டிக்கு மாற்றி முற்றத்துப் பந்தலில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அப்பா. கால்மாட்டில் பெட்டி தூக்க வந்த நான்கு ஊசிக் கூட்டாளிகள், முன்னால் லிண்டோ. பெண்கள் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றின்மேல் கைவைத்தபடி ஆன். காட்டாக்கடைக்காரர்கள் வேலியோரம் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“குறிப்பு வாசிக்கலாம் பிள்ளே” என்றார் உபதேசியார்.

டெல்னா வாசித்தாள். பிறந்த தேதி. ஞாயிறு பள்ளியில் வசனப்போட்டியில் வாங்கிய பரிசு. ஐ.டி.ஐ.யில் வெல்டிங். “சில மாதங்களாக மஞ்சள்பித்தத்தால் பாதிக்கப்பட்டு...”

அந்தச் சொல்லைக் கேட்டதும் லிண்டோ நெஞ்சு நிறைய மூச்சு விட்டான். தலையைத் திருப்பி ஆன் பக்கம் பார்த்தான். பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்கிற பார்வை. உதட்டோரத்தில் சிரிப்புக்கூட இருந்தது.

டெல்னா காகிதத்தை மடித்தாள்.

“இது கள்ளம்” என்றாள். “எனக்க தம்பி மஞ்சப்பித்தத்துல சாகல்ல. அவனுக்கு எச்ஐவி ஆக்கும். ஊசி வழியாட்டு வந்தது. மருந்து இருந்தும் தின்ன விடாம நாங்கதான் கொன்னோம். அவன்கூட ஊசி போட்டவங்க போய் ரெத்தம் பாருங்க. கெட்டினவளையும் கூட்டிட்டுப் போங்க. சாவதுக்கு முந்தி அவன் சொன்ன காரியம் இது.”

அப்பாவின் கை அவள் கன்னத்தில் விழுந்தது. காது அடைத்துப்போயிற்று. உபதேசியார் வேதாகமத்தை மூடிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பந்தலைப் பார்த்தார். காட்டாக்கடைக்காரர்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

லிண்டோ பெட்டியைச் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்தான்.

“என்ன தோந்நியவாசம் பேசுதீங்க? ஆரைச் சொல்லுதீங்க?”

“நான் ஆருக்க பேரும் சொல்லல்லியே.”

“இதைச் சொன்னதுக்குத்தான் அண்ணைக்கு அவனுக்க பல்லை ஒடச்சேன்! பின்னயும் அதையே...”

பாதியில் நிறுத்தினான். ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டுவிட்டது. ஆன் நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

“ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தான்னுல்லா எனக்கிட்ட சொன்னீங்க” என்றாள்.

லிண்டோவின் கை ஓங்கியபடி இருந்தது. யாரை அடிப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

“அக்கா, எங்கயாக்கும் பாக்கியது?”

“நெய்யாற்றின்கரை ஆசுபத்திரியில. ஒரு மணி வரைக்கும் ரெத்தம் எடுப்பாங்க.”

“இருந்துதுன்னா பிள்ளைக்கு?”

“இருந்தாலும் மருந்து உண்டு. இப்பமே தொடங்கினா பிள்ளைக்கு வராம பாத்துக்கலாம். எனக்கூட வா.”

ஆன் செருப்பைக்கூடத் தேடாமல் நடந்தாள். டெல்னா பெட்டியருகே ஒரு கணம் நின்றாள். தம்பியின் உதடு உள்ளே மடங்கிக் கிடந்தது. நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத் திரும்பினாள்.

“கூடப்பொறந்தவனுக்கு ஒரு பிடி மண்ணு போடாம போறியா? போனா பின்ன இங்க வரப்பிடாது!” என்று அப்பா கத்தினார்.

“ஒங்க மண்ணை நீங்களே போடுங்க” என்றாள்.

பின்னால் அம்மா “போட்டும், அவளை விடுங்க” என்று சொன்னது கேட்டது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அம்மா அப்பாவை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். இதைப் போன மாதம் சொல்லியிருக்கக் கூடாதா என்று டெல்னாவுக்கு எரிந்தது.

சாலையில் ஓர் ஆட்டோ கிடைத்தது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் நின்றார்கள். ஆன் அழவில்லை. மண் ஒட்டிய காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிக்கொள்ள, டெல்னா வண்டியின் பக்கக் கண்ணாடியை வெறித்தாள்.

கண்ணாடியில் இரண்டு பைக்குகள் தெரிந்தன. பின்னால் நின்ற ஒரு பேருந்தின் ஓரமாக, பக்கத்தில் வரத் துணிச்சல் இல்லாமல் ஒதுங்கி நின்றன. ஒன்றில் லிண்டோ, பின்சீட்டில் அவன் கூட்டாளி அனில். மற்றதில் மீதி இருவர்.

நான்கு பேரும் இங்கே இருந்தார்கள். அப்படியானால் பெட்டிக்கு இனி அப்பாதான் தோள் கொடுக்க வேண்டும்.

ரயில் போயிற்று. கேட் திறந்ததும் ஓட்டுநர் வண்டியை விரட்டினார்.

“மெல்லப் போனா போதும் அண்ணா” என்றாள் டெல்னா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.