தனியாளா, குடும்பமா

இரவிச்சந்திரனுக்கு ஐம்பத்தேழு வயது. மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் மேற்பார்வையாளர். மனைவி இறந்து ஒன்பது வருடம். அதன் பிறகு வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசிப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் மகள் அனோஜினிதான்.

ஓகஸ்ட் மாதம் அனோஜினிக்கு வேலை கிடைத்தது. வேலையோடு சொந்தக் காப்புறுதியும் வந்ததால், இனித் தகப்பனின் காப்புறுதியில் அவள் இருக்க முடியாது. மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை மடிக்கணினியோடு குசினி மேசையில் உட்கார்ந்து விதிகளை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவருடைய கம்பனி காப்புறுதியோடு ஒரு மருத்துவச் செலவுக் கணக்கும் வைத்திருந்தது. குடும்பமாகப் பதிந்தவருக்கு அதில் மாதம் நூறு டொலர் போடும், தனியாளுக்கு ஐம்பது. முதலாம் திகதி எப்படிப் பதிந்திருக்கிறாரோ, அந்த மாதத்துக்கு அந்தத் தொகை. குடும்ப நிலை மாறினால் முப்பத்தொரு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தவறவிட்டால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.

‘தனியாள்’ என்பதைத் தெரிவுசெய்துவிட்டு, கடவுச்சொல்லை அடிக்கச் சொன்னாள். அவர் எழுந்து தேத்தண்ணீருக்குக் கேத்திலைப் போட்டார். குடும்பம் என்றே விட்டால் என்ன என்று கேட்டார். அது பொய் சொல்வதாகிவிடும், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றாள் அவள்.

“ஜெகதீஸ்வரி எண்டு ஒரு ஆள் இருக்கிறா, பிள்ளை,” என்றார், கேத்திலைப் பார்த்தபடியே.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். மொன்ட்ரியால்-நோரில் ஒரு சின்னக் கார்டறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல்காரி. தனியாக இருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன், கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும்போது பழக்கம். கோயில் இருக்கும் டொலார்ட்டிலிருந்து ஜெகதீஸ்வரி பஸ்ஸில் வீடு போய்ச்சேர இரண்டு மணித்தியாலம். குளிருக்குள் நிற்கிறாவே என்று ஒருநாள் காரில் ஏற்றியதுதான். பனி கரைந்த பிறகும் அது நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா பிந்தி வந்து, நாற்பதாம் நெடுஞ்சாலையில் நெரிசல் என்று சொன்னதெல்லாம் அனோஜினிக்கு நினைவு வந்தது. அதுதான் அவளுக்கு நொந்தது.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“அம்மாவை மறந்திட்டன் எண்டு நினைச்சிடுவாய் எண்டு பயந்தன்.”

“நீங்கள் மறக்கமாட்டியள் அப்பா. அது எனக்குத் தெரியும்.”

அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இன்றைக்குத் தனியாள்தானே, அப்படியே அனுப்புவோம் என்றாள். கலியாணம் எப்போது என்று கேட்டாள். வசந்தத்தில் பார்க்கலாம் என்று இழுத்தார். ஏன் அவ்வளவு நாள் என்றாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் ஜெகதீஸ்வரியின் வீட்டுக்குப் போனார்கள். ஜெகதீஸ்வரி இடியப்பமும் சொதியும் செய்துவைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். கலியாணம் கட்டினால் அரசாங்க மருந்துக் காப்புறுதியை விட்டு, இரவிச்சந்திரனுடையதில்தான் சேர வேண்டுமாமே, உண்மையா என்று அனோஜினியிடம் கேட்டார். கியூபெக்கில் சட்டம் அப்படித்தான் என்றாள் அவள்.

“பதினொரு வருசமாப் பிரஷர் குளிசையைத் தனியத்தான் வாங்கிறன்,” என்றார் ஜெகதீஸ்வரி. “என்ரை பேரை ஒருத்தரும் தங்கடை பேரோடை சேர்த்து எழுதினதில்லை.”

ஒக்டோபர் நடுவில் கோயிலில் கலியாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்தில் ஒன்று அனோஜினியுடையது. நாலாம் நாளே ‘குடும்பம்’ என்று மாற்றிப் படிவத்தை அனுப்பினாள். நவம்பர் முதலாம் திகதி கணக்கில் நூறு டொலர் விழுந்தது.

டிசம்பரில், அந்தக் கணக்குக் காசில் ஜெகதீஸ்வரிக்கு மூக்குக்கண்ணாடி வாங்க மூவரும் கடைக்குப் போனார்கள். ஜெகதீஸ்வரி விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆக மலிவானதையே எடுத்தார். அனோஜினி அதை அவர் கையிலிருந்து எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு, கபில நிறப் பிரேம் ஒன்றைத் தானே அவர் முகத்தில் மாட்டிவிட்டாள்.

“இதுதான் வடிவு, சின்னம்மா.”

அப்படி அவள் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. ஜெகதீஸ்வரி நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.