கைகளை மட்டும் காட்டலாம்

அறக்கட்டளைக்குப் பெரியவரின் அப்பா பெயர். அதன் விதிகள், தலைவரான பெரியவரே எழுதியவை. உதவி பெறுகிற எவருடைய முகத்தையும் காட்டக் கூடாது, பெயரையும் சொல்லக் கூடாது என்பது முதல் விதி. "கஷ்டப்படுறவங்களைப் படம் புடிச்சுச் சுவத்துல மாட்டுறது நம்ம குடும்பத்துப் பழக்கம் இல்ல" என்று முதல் கூட்டத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். படம் காட்டியே ஆக வேண்டுமென்றால் கைகளை மட்டும் காட்டலாம்.

அக்கம்பக்கத்துத் தேவை ஒன்றுக்குப் புது வழி கண்டுபிடிக்கிற அமைப்புக்கு ஆண்டுதோறும் நிதி கொடுப்பார்கள். இந்த முறை வடிகட்டி வடிகட்டி இரண்டு திட்டங்கள் மிஞ்சின. எரியாத தெருவிளக்கைப் போனில் புகார் செய்ய ஒரு செயலி. அதைக் கொண்டுவந்த இளைஞர்கள் காலையிலேயே மளமளவென்று பேசிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர் ஒரு ரிட்டயர்டு நர்ஸ்.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் கூட்ட அறை. ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் ஒரு வாளி. நீள மேஜையைச் சுற்றி டாக்டரம்மா, மில்காரர், பழைய பேங்க் மேனேஜர், பெரியவரின் அக்கா மகனான வக்கீல். அதன் முனையில் பெரியவர், முதுகு நாற்காலியில் படாமல். அவருக்குப் பின்னால் சுவரில் அப்பாவின் படம், கைத்தடியைப் பிடித்தபடி. அந்தப் பிடியில் சுண்டுவிரல் மட்டும் சேராமல், கொக்கி மாதிரி வளைந்து தனியே நிற்கும். அதே விரல் பெரியவருக்கும் உண்டு, அக்காவுக்கும் உண்டு. அடுத்த தலைமுறையில் யாருக்கும் வாய்க்கவில்லை. "இது நம்ம வம்சத்து முத்திரை" என்று சபையில் விரலைக் காட்டிச் சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நர்ஸ் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சாப்பிட்டு வகுப்புக்குப் போனதும் அந்தச் சாப்பாட்டு ஹால் சும்மாதாங்க கிடக்கு. வீட்டுல தனியா சாப்பிடுற வயசானவங்க அவங்க வீட்டுச் சாப்பாட்டையே டப்பாவுல எடுத்துட்டு அங்க வர்றாங்க. ஒரே மேஜையில சேந்து உக்காந்து சாப்பிடுறாங்க. நாங்க சோறு போடுறதில்ல. கூட உக்காருறோம், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் மேனேஜர்.

"பாதிப் பேருக்கு மாத்திரை குறைஞ்சிருக்குய்யா. பசிக்குதுன்னு சொல்றாங்க. ஆனா இந்த மாசக் கடைசியோட ஹாலுக்கு வாடகை கேக்குறாங்க. கட்டலைன்னா பூட்டு."

விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். விதிப்படி கைகள் மட்டும். நரம்பு புடைத்த கைகள், நடுங்குகிற கைகள், அடுத்தவர் டப்பாவிலிருந்து உரிமையோடு எடுத்துக்கொள்கிற கைகள். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். மரியாதையான படம்.

பிறகு இரண்டு கைகள் வந்தன. தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்தன. "இவங்களை நாங்க பெரியக்கான்னு கூப்பிடுவோம். முதல் ஆளா வந்துடுவாங்க. ஒருத்தர் வரலைன்னாலும் தட்டை எடுக்க விட மாட்டாங்க" என்றது நர்ஸின் குரல்.

தட்டைப் பிடித்த வலது கையில் சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்து தனியே நின்றது.

பெரியவர் சட்டென்று தன் வலது கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார். அக்காவா? பெற்ற பிள்ளை வீட்டில் இருக்கிற அக்கா, டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊரார் மேஜைக்கா போகிறாள்?

தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் அக்காவுக்குப் போன் செய்வார். பின்னால் தட்டுச் சத்தமும் பேச்சும் சிரிப்பும் கேட்கும். "வீடு நிறைய ஆளுடா, உன் மருமகன் கோர்ட்லேர்ந்து வந்து பக்கத்துல உக்காந்து சாப்பிடுறான்" என்பாள். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். இதே மேஜையில், எல்லோர் முன்னாலும், "அம்மாகூட உக்காந்து சாப்பிடுறதுக்குன்னே வீட்டுக்குப் போற பிள்ளை" என்று வக்கீலைப் புகழ்ந்திருக்கிறார். வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். ஒருநாளும் மறுத்ததில்லை.

பெரியவர் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தார். அவன் படத்தைப் பார்க்கவே இல்லை; போனைத் தடவிக்கொண்டிருந்தான். படம் முடிந்து, விளக்கைப் போட்ட பிறகும், கடைசிக் காட்சியிலேயே உறைந்து நின்றது. தட்டின் மேல் அதே கை.

"மாமா, இதுல என்ன புதுமை இருக்கு?" என்று நிமிர்ந்தான் வக்கீல். "அவங்கவங்க சோத்த அவங்களே கொண்டு வர்றாங்க. வீட்டுல மேஜை இல்லையா?"

"மேஜை இருக்குங்க. எதிர்ல ஆள் இல்ல. ஃபிரிட்ஜைத் திறந்து நின்னபடியே சாப்பிட்டுட்டு இருந்தவங்கதான் எல்லாரும்" என்றார் நர்ஸ்.

"அது அந்தந்தப் பிள்ளைங்க பொறுப்பு. பெத்தவங்ககூட ஒரு வேளை உக்கார முடியாத வெக்கங்கெட்ட பசங்களுக்காக நாம ஏன் செலவு பண்ணணும்? நம்ம குடும்பத்துல இப்படி நடக்குமா? நீங்களே சொல்லுங்க மாமா."

பெரியவர் முன்னாலிருந்த தாளை இடது கையால் நேராக்கி வைத்தார்.

"வக்கீல் சார் சூடா இருக்காரு. ஓட்டுக்கு விட்டுடலாம்" என்றார் மில்காரர்.

ஓட்டு என்றால் வலது கையைத் தூக்குவது. டாக்டரம்மாவும் மில்காரரும் சாப்பாட்டு மேஜைக்குத் தூக்கினார்கள். வக்கீலும் மேனேஜரும் தெருவிளக்குக்கு. சமம். எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள்.

கையைத் தூக்கினால் பின்னால் அப்பாவின் விரல், எதிரே திரையில் அக்காவின் விரல், நடுவில் தன் விரல். கண் உள்ளவன் எவனுக்கும் புரிந்துவிடும். காலமெல்லாம் கட்டிக்காத்த மானம் ஒரு நொடியில் கப்பலேறிவிடும். தூக்காவிட்டால் மாசக் கடைசியில் ஹாலுக்குப் பூட்டு. அக்கா மறுபடியும் ஃபிரிட்ஜைத் திறந்து நின்றபடியே சாப்பிடுவாள்.

மேஜைக்கடியில் முஷ்டியை மடக்கிப் பார்த்தார். நாலு விரல் மடங்கியது. அது மடங்கவில்லை. பிறந்ததிலிருந்து மடங்காதது இன்றைக்கா மடங்கும்?

விரித்து, நேராகத் தூக்கினார்.

"சாப்பாட்டு மேஜைக்கு."

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எழுந்து போய், "கண்ணு கூசுது" என்று சொல்லிக்கொண்டே படத்தை அணைத்தார். ஆனால் அதற்குள் வக்கீலும் பார்த்துவிட்டான். மாமாவின் கையிலிருந்து அணைந்த திரைக்கும், திரையிலிருந்து சுவருக்கும் அவன் கண் அலைந்தது.

"மாமா, அந்த விரல்..."

பெரியவரின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரிலேயே வைத்திருப்பார். பதற்றத்தில் அதை மாற்றத் தோன்றவில்லை.

"என்னடா தம்பி, இன்னிக்கு உன் போனையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" அக்காவின் குரல் அறையெங்கும் நிறைந்தது. பின்னால் தட்டுச் சத்தம், யாரோ இருமிச் சிரிக்கிற சத்தம். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கோம். சத்தம் கேக்கலையா? உன் மருமகன் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். இன்னும் கொஞ்சம் வைம்மான்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுறான். பேசச் சொல்லவா? வேணாம், வாய் நிறைய சோறு வெச்சிருக்கான்."

மேஜையின் மறுமுனையில் வக்கீல் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"வேணாம்க்கா" என்றார் பெரியவர். "அவன் சாப்பிடட்டும்."

போனைக் கவிழ்த்து வைத்தார். வாளியில் தண்ணீர் சொட்டியது. வக்கீல் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்தான். எதற்கும் அசராத கோர்ட்டுக் குரல் எங்கோ போய்விட்டது.

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்று நர்ஸைக் கேட்டான்.

நர்ஸ் பெரியவரைப் பார்த்தார். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"மனுவுல முதல் பக்கத்துலயே இருக்கு, மாப்பிள்ளை. நீ படிக்கலையா?"