எஞ்சின் மாறும் நிலையம்

வண்டி நின்று முழுசாக மூச்சு விடுவதற்குள் தையல்காரர் எழுந்து பையைத் தூக்கி எதிர் இருக்கையில் என் பக்கத்தில் வைத்ததை நான் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் என் கண்ணுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு எந்தக் கடைப் பை போகிறது என்பதைக்கூட அது விட்டுவைப்பதில்லை.

அவர்கள் எங்கள் எதிர்வீடு. கீழே தையல் கடை, மேலே குடித்தனம். அவர் வெட்டுவார், அவர் மனைவி தைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடலைப் பார்க்கணும். "உப்புக்காத்து எனக்கு ஒத்துக்காது, மூச்சு முட்டும்" என்று அவர் தட்டிக்கழித்துத் தட்டிக்கழித்தே மகன் வேலைக்குப் போகிற வயசுக்கு வந்துவிட்டான். கடைசியில் அவன்தான் டிக்கெட் எடுத்துக் கையில் திணித்தான். அவனும் வருவதாக இருந்து, லீவு கிடைக்காமல் போக, அவன் இடத்தில் நான். கூப்பிட்டதும் ஓடிவிட்டேன் என்று தெருவில் பேச்சு. முதலில் ஒரு தடவை வேண்டாம் என்றேன், அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

புறப்பட்டதிலிருந்து அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. காலில் புதுச் செருப்பு. கடலைப் பார்க்கப் பழசைப் போட்டுக்கொண்டு போவதா என்று வாங்கியது. குளம் குட்டை எது வந்தாலும், "ஏங்க, இது கடலோட சேர்ந்ததா?" என்பாள். "எனக்கென்ன தெரியும், நான் என்ன பாத்தேனா?" என்பார் அவர். இப்படியே பாதி வழி வந்தோம்.

அப்போதுதான் அந்த நிலையம். அங்கே எஞ்சினைக் கழற்றி வால்பக்கம் கொண்டுபோய் மாட்டுவார்களாம். அதுவரை முன்னால் பார்த்து வந்தவர்கள் அதற்குமேல் பின்னால் பார்த்தபடி போகவேண்டியதுதான். எந்தப் பலகையிலும் இதை எழுதிவைக்கவில்லை. புதுசாக வந்தவர்கள் கடை பார்க்க இறங்கினார்கள். வழக்கமாக வருகிறவர்கள் மட்டும் சத்தமில்லாமல் எழுந்து எதிர் இருக்கைக்கு மாறினார்கள். அவர்களோடு தையல்காரரும்.

"எந்திரி, இந்தப் பக்கம் வந்து உக்காரு. இனிமே வண்டி திரும்பிப் போகும். பின்னால பாத்துக்கிட்டே போனா உனக்குத் தலை சுத்தும்."

அக்கறையாகத்தான் சொன்னார். அதோடு விட்டாரா? "ஒரு பாலம் வரும். அதைத் தாண்டினா கொஞ்ச தூரம் மரம் மறைக்கும், அப்புறம் பாரு..." என்று கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

அவள் எழுந்திருக்கவில்லை. "நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் ஓடவில்லை.

"வருஷா வருஷம் பட்டன் வாங்கப் போவீங்களே, அது?"

எனக்கும் ஞாபகம் வந்தது. மொத்தக் கடையில் பட்டனும் லைனிங் துணியும் வாங்கிவருகிறேன் என்று கிளம்பிவிடுவார். திரும்புகிறவரை மேல்மாடியில் விளக்கே எரியாது. கீழே அவள் ஒருத்தியின் மிஷின் சத்தம் என் வீட்டு அடுக்களை வரை கேட்கும்.

"பட்டனும் வாங்குவேன். கடற்கரை ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கடை இருக்கு."

"அப்ப மூச்சு முட்டுறது தம்பி?" நான்தான் கேட்டேன். யாராவது கேட்கவேண்டுமே.

"நீங்க சும்மா இருங்கக்கா" என்றாள் அவள். பிறகு அவரிடம், "யாரோட வந்தீங்க?"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மூலை வீட்டு நர்ஸ் வரைக்கும் மனசுக்குள் ஒரு சுற்றுப் போய்வந்துவிட்டேன்.

"யாரோடயும் இல்ல. சத்தியமா. தனியாத்தான்."

"தனியா வந்து?"

"சும்மா உக்காந்திருப்பேன். கடலை ஒட்டியே ஒரு குட்டி வண்டி ஓடும். எங்க தோணுதோ அங்க இறங்குவேன். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

ஏதோ நல்ல சேதி போல அதைச் சொன்னார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது, ஒரு பொம்பளைகூட இல்லையா என்று. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னொருத்தி இருந்தால் அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கலாம். தெருவே பக்கத்தில் நிற்கும், நான் எல்லாருக்கும் முன்னால் நிற்பேன். இங்கே யாரைப் பிடிப்பது? மனுஷன் யாரிடமும் போகவில்லை. இவளை விட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

"என்னையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. நான் பேசாம உக்காந்திருப்பேனே."

"கடையை யார் பாக்குறது?" என்றார். வாயைத் தைத்திருக்கலாம்.

"அந்தப் பட்டனெல்லாம் நான்தானே தைச்சேன்" என்றாள், தனக்குத்தானே.

வண்டி கிளம்பியது. அவள் மாறி உட்காரவே இல்லை. பாலம் வந்தது, மரங்கள் வந்தன, அப்புறம் வெளிச்சமாகக் கடல். எங்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. எதிரே இருந்த அவளுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் அந்தக் குட்டி வண்டியில் ஏறினோம். குட்டு உடைந்ததும் தையல்காரர் வழிகாட்டியாகவே மாறிவிட்டார். இங்கே அலை அடங்கியிருக்கும், அங்கே பாறை, இங்கே குளிக்கலாம் என்று ஓயவில்லை. அவள் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"இங்க இறங்கியிருக்கீங்களா?"

"ம்."

"இங்க?"

"ஆமா."

ஒரு பெஞ்சும் ஒரு குழாயும் மட்டும் இருந்த நிலையத்தில் வண்டி நின்றது. "இங்க?"

"இங்க என்ன இருக்கு? இறங்கினதே இல்ல."

அவள் எழுந்தாள். பர்ஸை எடுத்துக்கொண்டாள். அவரும் பதறி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. உங்களுக்குத்தான் மூச்சு முட்டுமே."

நானும் பாதி எழுந்தேன். அவள் பார்த்த பார்வையில் தானாக உட்கார்ந்துவிட்டேன். என்னை அப்படி உட்காரவைத்தவர்கள் குறைவு.

வண்டி நகர்ந்தபோது அவள் புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மணலில் இறங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நிலையத்தில் பெரிய கும்பலாக ஏறினார்கள். தையல்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் இடத்தில் அவசரமாக விரித்தார்.

"இங்க ஆள் இருக்காங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்காங்க, வருவாங்க" என்றார் தையல்காரர். ஜன்னல் காற்றில் துண்டு எழும்பி எழும்பி விழுந்தது. அவர் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்.