பொட்டு வச்ச பித்தளை நாக்கு

"புளி போட்டா தேய்ச்ச? இதப் போயி யாராச்சும் புளி போட்டு தேய்ப்பாங்களாமா?"

"பித்தளைய புளி போட்டு தேய்க்காம பின்ன எத்தப் போட்டுடி தேய்ப்பாங்க?"

"தேங்கா நாரு வேற! இது இன்னா குத்துவெளக்கா?"

"கத்தாத கவி. கொழாயாண்ட எல்லாம் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நைனா வாய அடச்சது யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

கொழாயாண்ட நெசமாவே நாலு பேரு நின்னுகினு இருந்தாங்க. ஆரோக்கியமேரி கொடம் ரொம்பி வழியறதக்கூட பாக்காம காத நீட்டிகினு இருந்துச்சு. கவரப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால லைன் ஊடு. ஒரு ஊட்டுல தாளிச்சா அடுத்த ஊட்டுல தும்முவாங்க. சண்டைய மறைக்கவா முடியும்?

சண்ட செங்கம்மாவுக்கும் அவ பொண்ணு கவிப்பிரியாவுக்கும். நடுவுல கட்டில்ல ஒக்காந்திருந்தவரு செங்கம்மா புருசன் ஏழுமலை. அவரு ஒரு வார்த்த பேசல. அவரால முடியாது.

ஏழுமலை கும்முடிப்பூண்டில கம்பி உருட்டுற மில்லுல முப்பது வருசம் வேல பாத்தவரு. அந்த மெஷின் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன கூப்புடவே தொண்ட கிழியணும். ஊட்டுக்கு வந்தாலும் அதே சத்தம்தான். "உங்க ஊட்டுக்காரரு சோறு கேட்டா எளாவூரு செக்போஸ்ட்ல லாரி நிக்குதுக்கா"னு ஆரோக்கியமேரி கிண்டல் பண்ணும்.

போன வருசம் தொண்டையில புத்து. மெட்ராசுக்கு கூட்டினு போனாங்க. மொதல்ல பல்லெல்லாம் புடுங்கிட்டு ரேடியேசன் குடுத்தாங்க. அதுலயும் கேக்கல. கடைசில கொரல் பொட்டியையே எடுத்துட்டாங்க. இப்ப கழுத்துல ஒரு ஓட்ட, அதுலதான் மூச்சு. கழுத்துல வச்சு பேசுற மெஷினு ஒண்ணு குடுத்தாங்க. ரேடியேசன்ல தோலு பலக மாதிரி ஆயிட்டதால அதுல வெறும் இரைச்சல்தான் வந்துச்சு. எழுதிக் காட்டலாம்னா, கையெழுத்த தவிர அவருக்கு வேற எழுத வராது. அஞ்சு மாசம் கட்டில தட்டித்தான் ஓடிச்சு. ரெண்டு தட்டு தட்டுனா தண்ணி, மூணு தட்டுனா சோறு. வேற எதுக்கும் தட்டு கெடையாது.

கவி சிப்காட்டுல ஷூ கம்பெனில தையல் செக்‌ஷன்ல வேல செய்யுது. அங்க வேல சொல்லிக் குடுக்க வியட்நாம்லருந்து மாய்னு ஒரு பொண்ணு வந்திருந்துச்சு. மலை ஊரு பொண்ணு. சாப்பாட்டு டைம்ல ஒரு மூங்கி கொழாயத் தொறந்து, வெரல் நீளத்துக்கு ஒரு பித்தளை தகட்ட எடுக்கும். நடுவுல மெல்லிசா ஒரு நாக்கு வெட்டி இருக்கும். அந்த ஊருல அதுக்கு பேரு டான் மோய். ஒதட்டு வாத்தியம்னு அர்த்தமாம்.

நம்ம மோர்சிங் மாதிரி பல்லுல கடிக்கக் கூடாது. ஒதட்ட லேசா தொறந்து நடுவுல வச்சுக்கணும். ஒரு கையில தகட்டோட வால் பக்கத்த புடிச்சுகினு, இன்னொரு கை கட்டவெரலால நுனிய சும்மா பூ கிள்ற மாதிரி தட்டணும். தகடு ரீங்காரம் குடுக்கும், பாட்டு நம்ம வாய்தான். வாய ஆ-னு வச்சா ஆ, ஈ-னு வச்சா ஈ. அவங்க ஊருல பசங்களும் பொண்ணுங்களும் வாய் தொறந்து சொல்ல வெக்கப்பட்டத இத வச்சுதான் சொல்லிக்குவாங்களாம். இதெல்லாம் மாய் போன்ல மொழி மாத்தி காட்டுச்சு.

கவி கேட்டது ஒரே கேள்வி. "தொண்ட இல்லாதவங்க இதுல பேசலாமா?"

மாய் மூச்ச அடக்கிகினு, தொண்டையில சத்தமே இல்லாம, தகட்ட தட்டி வாய மட்டும் அசைச்சுச்சு. கவி பேரு "கயி"னு கேட்டுச்சு. கவி அங்கயே அழுதுடுச்சு. ஊருக்குப் போற அன்னிக்கு மாய் அத கொழாயோட கவி கையில வச்சுட்டுப் போச்சு.

ஏழுமலைக்கு பழக ஒரு மாசம் ஆச்சு. இரும்பு புடிச்ச கை, பூ கிள்ற மாதிரி தட்ட வருமா? மொதல்ல எல்லாம் கொசு கத்துற மாதிரிதான். ஒரு நாள் செங்கம்மா அடுப்பாண்ட கருவாடு கழுவினு இருந்துச்சு. பின்னாலருந்து ஒரு சத்தம். வண்டு பேசுனா எப்டி இருக்கும், அப்டி.

"செங்கா."

திரும்பிப் பாத்தா ஏழுமலை கண்ணு ரொம்பி நிக்கிறாரு. ம வராது, ப வராது, வ வராது. அதுக்கு ஒதட்ட மூடணும், ஒதட்டுலதான் தகடு இருக்குதே. அதனால பொண்ணு கயி, பொண்டாட்டி செங்கா. கட்டிகினு வந்த புதுசுலகூட அந்த மனுசன் "இன்னாமே"க்கு மேல கூப்ட்டதில்ல. செங்கம்மா கருவாட்டு கையோடயே வாயப் பொத்திகினு நின்னுச்சு.

அதுக்கப்புறம் தெனமும் பேச்சுதான். "காரங் ஜாஸ்தி"னு ஒரு நாளு. "டீ ஆறிக்கெடக்கு"னு ஒரு நாளு.

"கொற சொல்றதுக்குன்னே கொரல் வந்துச்சு பாரு"னு கவி சிரிக்கும்.

மூணு மாசம் அப்டி போச்சு. அப்புறம் ஆயுத பூஜை.

ஆயுத பூஜைக்கு எல்லா ஊட்டுலயும் இன்னா பண்ணுவாங்க? வேலைக்கு ஒதவுற சாமான எல்லாம் கழுவி தொடச்சு சந்தனம் குங்குமம் வைப்போம். அருவாமன, பைக்கு, கவி கத்திரிகோலு, எல்லாத்துக்கும் வச்சுட்டு செங்கம்மா சுத்திமுத்தும் பாத்துச்சு. அந்த மூங்கி கொழா கண்ணுல பட்டுச்சு. மில்லு சாமான் எதுவும் இப்ப அந்த மனுசன்கிட்ட இல்ல. இருக்கறது இது ஒண்ணுதான். இதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது? எச்சி பட்டு கருத்துப்போயி கெடந்துச்சு. புளியும் உப்பும் போட்டு, நாரால அழுத்தி தேய்ச்சு, தங்கம் மாதிரி ஆக்கி, நடுவுல சந்தனம் குங்குமம் வச்சு சாமி படத்தாண்ட வச்சுச்சு.

பூஜை முடிஞ்சு ஏழுமலை எடுத்து ஒதட்டுல வச்சு தட்டுனாரு. டிக். இன்னொரு வாட்டி. டிக். நாக்கு வளைஞ்சுபோச்சு. நாக்க சுத்தி இருக்கற மயிரெழ சந்துல சந்தனம் ஏறி காஞ்சுகெடக்கு.

அதுக்குத்தான் அந்த சண்ட.

பக்கத்து ஊட்டு சந்திரமோகன், லேத்துல வேல செய்றவரு, சண்ட சத்தம் கேட்டு எட்டிப் பாத்தாரு. வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு சொன்னாரு. "கொஞ்சந்தான் வளைஞ்சிருக்கு. செட் பண்ணிடலாம். சாயங்காலம் லென்சு கொண்டாந்து பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

அவரு போனதும் கவி மறுபடியும் ஆரம்பிச்சுது. "ஒங்கிட்ட யாருமா இதுக்கு பொட்டு வைக்க சொன்னது? ஆசையா பேசினு இருந்த மனுசன ஊமையாக்கிட்டியே!"

செங்கம்மா சொவத்துல சாஞ்சுகினு முந்தானைய வாயில வச்சுகிச்சு.

ஏழுமலை எழுந்தாரு. பைக்கு சாமான் பொட்டியத் தொறந்து கூர் மூக்கு கொறடு எடுத்தாரு. "நைனா, வேணாம் நைனா, அவரு வரட்டும்"னு கவி ஓடியாறதுக்குள்ள நாக்க புடிச்சு நிமுத்தினாரு. டக்குனு ஒரு சத்தம். நாக்கு வேரோட ஒடஞ்சு தரையில உழுந்துச்சு.

அந்த துண்ட எடுத்துகினு நேரா வெளிய போனாரு. கொழாயாண்ட நின்னவங்க ஒவ்வொருத்தருக்கும் காட்டுனாரு. கொறட்டக் காட்டுனாரு. அப்புறம் தன் நெஞ்சுல தட்டினாரு. நான்தான். நான்தான் ஒடச்சேன். ஆரோக்கியமேரிகிட்ட மட்டும் ரெண்டு வாட்டி தட்டிக் காட்டுனாரு.

கவி வாசப்படியில அப்டியே ஒக்காந்துடுச்சு. அன்னிலருந்து அது அம்மாள கொறயா ஒரு வார்த்த சொல்லல.

செங்கம்மா மட்டும் யோசிச்சுகினே இருக்குது. முப்பது வருசம் இரும்பு வளைச்ச கை. எந்த தகடு எவ்ளோ தாங்கும்னு அந்த கைக்கு தெரியாதா? தெரிஞ்சேதான் ஒடச்சாரானு கேக்கணும். கேட்டா அவரு எதுல பதில் சொல்லுவாரு?

கவி போன்ல தேடி ஒண்ணு வரவழைச்சுது. வந்தது இரும்பு மோர்சிங். பல்லுல வைக்கணும், அவருக்கு பல்லு ஏது? சந்திரமோகன் பித்தளை தகட்டுல நாலு வெட்டிப் பாத்தாரு. நாலும் டிக் டிக்தான். மாய் நம்பருக்கு போட்டா அப்டி ஒரு நம்பரே இல்லன்னு வருது.

போன வாரம் செக்கப்புக்கு போனாங்க. மறுபடியும் கட்டி தெரியுதுன்னு சொல்லிட்டாங்க. இந்த வாட்டி கத்தி வைக்க முடியாதாம். திரும்பி வர்றப்ப ரயில்ல, மீஞ்சூர் தாண்டுனதும், ஏழுமலை செங்கம்மா கையப் புடிச்சுகினு வாய அசைச்சாரு. மூணே எழுத்து, அதே செங்கா. வெறும் வாயி, சத்தமில்ல. செங்கம்மாவுக்கு புரிஞ்சுது. ஆனா அதுக்கு புரிஞ்சா போதல, காதுல கேக்கணும். ஒரே ஒரு வாட்டி.

இதப் படிக்கிறவங்க யாராச்சும் ஒரகடம், ஸ்ரீபெரும்பூதூர் பக்கம் வியட்நாம்காரங்களோட வேல செய்யறீங்களா? இல்ல அந்த ஊருக்கு போக வர இருக்கீங்களா? பித்தளையா இருக்கணும், ஒதட்டுல வைக்கிறதா இருக்கணும். இனிமே புளி போட மாட்டேன், பொட்ட மூங்கி கொழா மேல மட்டும் வைக்கிறேன்னு செங்கம்மா சொல்லச் சொல்லுச்சு. எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க தயவு செஞ்சு கீழ பதில் போடுங்க. தை பொறக்கறதுக்குள்ள போடுங்க.