பெயர், பள்ளி, ஊர், மாநிலம்

வலது மணிக்கட்டு காலையிலேயே எரிந்தது. கட்டைவிரலின் அடியில் தொடங்கி முழங்கை வரைக்கும், நரம்பைப் பிடித்து ஈரத்துணி மாதிரி யாரோ பிழிகிற வலி. பெர்னடெட் சோல்டக், உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை மேசைமேல் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, இடது கையால் மவுஸைத் தள்ளினாள். மணி ஐந்தரை. வரிசையில் நூற்று அறுபத்திரண்டு மெயில்கள் நின்றன.

அவளுடைய அப்பா முப்பத்தொரு வருஷம் எஃகு ஆலையில் உழைத்துத் தோள்பட்டையைப் பறிகொடுத்தவர். நாற்காலியில் உட்கார்ந்து வந்த வலியை அந்த மனிதரிடம் சொல்ல அவளுக்கு வெட்கம். கடைசிவரை சொன்னதில்லை.

பள்ளி நூலகர்களின் மெயில் குழு அது. நாடு முழுக்கப் பதினோராயிரம் பேர். ஒரு பள்ளிக்கு ஒரு நூலகர்தான். பக்கத்து அறையில் போய்க் கேட்க ஆள் கிடையாது. அதனால் எதுவானாலும் குழுவில் கேட்பார்கள். ஒருவர் கேட்டால் பதினோராயிரம் பேருக்கும் போகும். எந்த மெயிலும் பெர்னடெட் அல்லது ஜார்ஜியாவில் இருக்கும் கர்ட்டிஸ் லேத்ரப், இருவரில் ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே போகும். சம்பளம் கிடையாது. திங்கள், புதன், வெள்ளி அவளுடைய முறை. பென்சில்வேனியாவில், ஆற்றங்கரை ஆலைகள் மூடிப்போன ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் அவளுக்குப் பகல் வேலை. அதற்கு முன்னும் பின்னும் இது.

'என்னைக் குழுவிலிருந்து நீக்குங்கள்' என்று அன்றைக்கு ஏழு பேர் எழுதியிருந்தார்கள். எப்படி நீங்குவது என்பது ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அச்சாகியிருக்கிறது. பதினோராயிரம் நூலகர்கள், ஒருத்தருக்கும் கடைசி வரியைப் படிக்கிற பழக்கமில்லை என்பான் கர்ட்டிஸ். முதலில் அதற்குச் சிரித்தாள். ஒன்பதாவது வருஷத்தில் சிரிப்பு வரவில்லை.

ஏழு நாற்பதுக்குப் பள்ளி நூலகத்தின் போன் அடித்தது. நெப்ராஸ்காவிலிருந்து ஆர்லீன் ப்ரூசா. நேரில் பார்த்ததில்லை, ஆறு வருஷமாகக் குழுவில் எழுதுகிறவள். ஹாலெக் என்ற ஊரில், பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் சேர்த்தே அறுபத்தொரு பிள்ளைகள் படிக்கும் பள்ளி அவளுடையது.

ஆர்லீன் அழவில்லை. அழுது முடித்தவளின் குரலில் வரிசையாகச் சொன்னாள். ஜனவரியில் அவள் குழுவில் ஒன்று கேட்டிருந்தாள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அப்பா வீட்டுக் கொட்டகையில் போதைப்பொருள் காய்ச்சிச் சிறைக்குப் போய்விட்டார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அளவுக்குத்தான் அவளால் படிக்க முடியும். அப்பா சிறையில் இருக்கிற பிள்ளையைப் பற்றி, மெல்லியதாக, ஆனால் குழந்தைப் புத்தகம் என்று மற்றவர்கள் கேலி செய்யாத மாதிரி ஏதாவது உண்டா? பெண்ணின் பெயரைப் போடவில்லை. நாற்பத்தொரு பேர் பதில் எழுதினார்கள்.

போன வியாழக்கிழமை, இணையத்தில் தேடுவது எப்படி என்று ஆர்லீன் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். முதல் பயிற்சியாக எல்லோரையும் தங்கள் பள்ளியின் பெயரைத் தட்டச் சொன்னாள். மூன்றாவதாக வந்து நின்றது அவளுடைய ஜனவரி மெயில். குழுவின் பழைய மெயில்கள் எல்லாம் ஒரு பல்கலைக்கழகக் கணினியில் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி கிடக்கின்றன. வகுப்பில் இருப்பது ஐந்து பிள்ளைகள். பெண்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தியின் அப்பா பாதிரியார்.

ஒரு பையன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டான். இரண்டாம் வகுப்பு அளவு என்ற வரியை இரண்டு தடவை படித்தான். இன்னொருத்திதான் அந்தப் பெண், கார்லி. எழுந்து வெளியே போனவள்தான். ஆறு நாளாகிறது, பள்ளிக்கு வரவில்லை. அந்த எழுத்து அங்கே இருக்கிறவரை வரமாட்டேன் என்கிறாளாம்.

பெர்னடெட்டுக்கு முதலில் வந்தது ஆர்லீன் மேல் கோபம்தான். அறுபத்தொரு பிள்ளைகள் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, இப்படி ஒன்றை எழுதிவிட்டு, கீழே பள்ளியின் பெயரையும் போடுகிறவளுக்கு மூளை எங்கே போயிற்று என்று கேட்டேவிட்டாள்.

ஆர்லீன் குரலை உயர்த்தவில்லை.

"நான் போடலயே, பெர்னி. நீதான் போடச் சொன்ன."

மதிய இடைவேளையில், ஹாம் வைத்த ரொட்டியைப் பிரிக்காமலே, பெர்னடெட் ஜனவரியில் தான் அனுப்பிய மெயில்களைத் தோண்டினாள். இருந்தது. ஆர்லீன் முதலில் அனுப்பியதன் அடியில் வெறும் 'ஆ.' மட்டும்தான். அதற்கு பெர்னடெட், முன்பே எழுதி வைத்திருக்கும் பதில்களில் ஒன்றான படிவம் மூன்றை அனுப்பியிருந்தாள். அடியில் பெயர், பள்ளி, ஊர், மாநிலம் நான்கும் இல்லாத மெயில் குழுவில் வெளியாகாது என்பது படிவம் மூன்று. நான்கு வருஷத்துக்கு முன் புத்தக வியாபாரி ஒருவன் நூலகர் வேஷம் போட்டு, மூன்று மாதம் தன் சரக்கைத் தானே புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அதைக் கண்டுபிடித்தவள் பெர்னடெட். விதியைக் கொண்டுவந்ததும் அவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதோடு முடிந்திருந்தாலும் போயிருக்கும். ஆர்லீன் மறுபடி எழுதியிருந்தாள். ஊர் சின்னது, தெரிந்தேதான் பள்ளி பெயரை விட்டேன், இந்த ஒரு தடவை அப்படியே அனுப்பமுடியுமா என்று. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. 'பெயர் சொல்ல விரும்பாத உறுப்பினருக்காக' என்று தலைப்பில் போட்டு மெயிலை அனுமதிக்கிறவரே தன் பெயரில் அனுப்பலாம். வெட்டி ஒட்ட இரண்டு நிமிஷம். பெர்னடெட் ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தாள்: விதி எல்லோருக்கும் ஒன்றுதான். காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு. எழுதியது அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. அன்றைக்கு இருநூற்றுச் சொச்சம் மெயில்கள் பார்த்திருப்பாள், அதில் இது ஒன்று.

ரொட்டியைக் குப்பைக்கூடையில் எறிந்தாள்.

அன்று மாலை குழுவை நிறுத்தினாள். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. மூலமெயிலைப் பல்கலைக்கழகக் கணினியின் கிடங்கிலிருந்து எடுப்பது ஒரு சொடுக்கு. ஆனால் பதில் எழுதிய நாற்பத்தொரு பேரும் முழு மெயிலையும் அப்படியே கீழே தொங்கவிட்டிருந்தார்கள், பள்ளி பெயரோடு. அதற்கும் பதில் எழுதியவர்கள் அதையும் சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். போதாததற்கு, ஒரு நாள் மெயில்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புகிற வழக்கம் உண்டு. அந்தக் கட்டுகளுக்குள்ளும் இருந்தது. ஒவ்வொன்றையும் திறந்து, தேடி, வெட்டி, மூடவேண்டும். இடது கையால். புதன் மாலை தொடங்கி வெள்ளி மாலை வரை, பாடவேளைகளுக்கு இடையிலும் பள்ளி விட்ட பிறகும் வெட்டினாள். நூற்றுப் பதினெட்டு இடங்கள்.

இதற்குள் குழு ஏன் நின்றது என்று வசை வர ஆரம்பித்தது. அடுத்த வாரம் எங்களுக்குப் புத்தகக் கண்காட்சி, இப்போதுதானா என்றாள் ஒருத்தி. பார்கோடு ஒட்டியைப் பற்றித் தான் கேட்ட அவசரக் கேள்வி எங்கே என்றான் ஒருவன். காரணம் எப்படியோ கசிந்ததும் வந்தவைதான் அவளுக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றின. அந்தப் பாவப்பட்ட பெண் எந்தப் பள்ளி, பெயர் என்ன, நாங்கள் புத்தகம் அனுப்புகிறோம் என்று பத்தொன்பது பேர். அதில் ஆறு பேர், இதுதானே அது என்று பழைய மெயிலை முழுசாக ஒட்டி அனுப்பியிருந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். பெர்னடெட் நூலகத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து, தன் அப்பா ஆலையில் பேசிய பேச்சு அத்தனையையும் அந்தத் திரையைப் பார்த்துப் பேசினாள்.

வெள்ளிக்கிழமை கர்ட்டிஸ் கூப்பிட்டான். அவனுக்கும் கோபம், வேறு மாதிரி. அவனிடம் கேட்காமல் குழுவை நிறுத்தியது ஒன்று. அவள் எல்லோருக்கும் அனுப்புவதற்கு எழுதி வைத்திருந்த மெயில் இன்னொன்று. அதில் தப்பு என்னுடையது என்று இருந்தது. பல்கலைக்கழகத்து வக்கீலைக் கேட்காமல் அப்படியெல்லாம் எழுதக்கூடாது, கிடங்கையே பிடுங்கிவிடுவார்கள், பதினோரு வருஷத்து மெயில்கள் போய்விடும் என்றான்.

"போகட்டும்," என்றாள்.

"கோபத்துல பேசாத, பெர்னி. அந்த நெப்ராஸ்காக்காரி பெரிய மனுஷிதானே? பேரு போட்டா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான்டா போடாம அனுப்பினா. தெரியாதவ நான். போய் உன் வக்கீலக் கேளு, நான் அனுப்பிட்டேன்."

அவள் அனுப்பியிருக்கவில்லை. போனை வைத்த பிறகு அனுப்பினாள். ஜனவரியில் எழுதிய அந்த ஒற்றை வரியையும், எழுதிய நேரத்தோடு, அதில் சேர்த்திருந்தாள். ஊர் பெயரையும் ஆர்லீன் பெயரையும் போடவில்லை.

திங்கட்கிழமை ஹாலெக்கில் பள்ளி நிர்வாகக் குழு கூடுகிறது, ஆர்லீனுக்கு வேலை இருக்குமா போகுமா என்பது அதில் முடிவாகும். ஆர்லீன் எதையும் மறுக்கப்போவதில்லை என்றாள். பாடத்தையும் நான்தானே எடுத்தேன் என்றாள். பெர்னடெட் அதை ஏற்கவில்லை. ஜனவரி மெயில்கள் நான்கையும் அச்செடுத்து, விதி என்னுடையது, இவள் தடுக்கப் பார்த்தாள், நான் விடவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அங்குள்ள பள்ளிக் கண்காணிப்பாளருக்கு ஃபேக்ஸ் அனுப்பினாள். ஆர்லீனுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்போடு வேலை தங்கியது. ஃபேக்ஸ் காரணமா, அந்தச் சம்பளத்துக்கு அந்த ஊருக்கு வேறு எவளும் வரமாட்டாள் என்பது காரணமா, தெரியாது.

செவ்வாய்க்கிழமை கார்லியின் அம்மாவுக்குப் போன் போட்டாள். ரோண்டாவுக்கு மாட்டிறைச்சி ஆலையில் வேலை. எலும்பிலிருந்து கறியைச் சீவும் வரிசை. இடைவேளை பன்னிரண்டு நிமிஷம், அதில்தான் பேசமுடியும் என்று ஆர்லீன் சொல்லியிருந்தாள். பின்னால் இயந்திரங்கள் அலறின.

எல்லா இடத்திலிருந்தும் எடுத்தாயிற்று என்று பெர்னடெட் சொன்னாள். தேடிப் பார்த்தேன், இப்போது வருவதில்லை என்றாள்.

"பதினோராயிரம் பேருக்குப் போச்சாமே. அதையும் எடுத்தாச்சா, அம்மணி?"

அதை எடுக்கமுடியாது என்று பெர்னடெட் ஒத்துக்கொண்டாள்.

"முடியாதுன்னு எனக்கே தெரியும். நீ பொய் சொல்றியான்னு பார்த்தேன்." ரோண்டா எதையோ மென்றுகொண்டே பேசினாள். "நேத்து ஸ்கூலுக்குப் போனா. எழுத்து போயிடுச்சின்னு ஆர்லீன் வீட்டுக்கே வந்து காட்டினாங்க, அதனால போனா. பேக்ல ஒரு புக் இல்ல, ஒண்ணும் தொடமாட்டேங்கிறா. ஆர்லீன் மேல எனக்குக் கோபமில்ல. அவங்க என் பொண்ணுகூட உக்காந்திருக்காங்க. நீ யாரு?"

பெர்னடெட் சொன்னாள். எந்த விதி, யார் போட்டது, ஆர்லீன் எப்படிக் கெஞ்சினாள், தான் என்ன பதில் எழுதினாள் என்று எதையும் மறைக்கவில்லை. கார்லிக்கு இதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதட்டுமா என்று கடைசியில் கேட்டாள்.



"கடிதமா," என்றாள் ரோண்டா. "அவளால அதப் படிக்க முடியாதுன்னுதானே ஊருக்கெல்லாம் எழுதினீங்க? நான் படிச்சுக் காட்டணுமா? இல்ல அந்தப் பையன கூப்பிட்டுப் படிக்கச் சொல்லவா?"

போனில் அவளிடம் பேசட்டுமா என்றாள் பெர்னடெட். முகம் தெரியாதவர்களிடம் அவள் பேசமாட்டாள் என்றாள் ரோண்டா. இடைவேளை முடிகிற மணி அடித்தது.

"எழுதாத. நீங்க எழுதினது போதும். நெஜமா சொல்லணும்னா வந்து சொல்லு. அவ மூஞ்சியப் பாத்து."

வருகிறேன் என்றாள் பெர்னடெட். ஜூனில் பள்ளி மூடியதும் வருகிறேன் என்று தேதிகூடச் சொன்னாள்.

குழு திறந்தபோது தொள்ளாயிரம் மெயில்கள் தேங்கியிருந்தன. படிவம் மூன்றை அழித்தாள். அதை எதிர்த்து எழுதியவர்கள் முன்னூறு பேர். அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஜூனில் கர்ட்டிஸ் விடுமுறையில் போனான், ஏழு நாளும் அவள் முறையாயிற்று. ஹாலெக் ஆயிரத்து நூறு மைல். கார் அத்தனை தூரம் தாங்காது. மணிக்கட்டுக்கு ஊசி போட்டு ஓட்டக்கூடாது என்றார்கள். எல்லாம் நிஜம், ஆனால் அவள் போகாததற்கு அவை எதுவும் காரணமில்லை. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயம்.

ஜூலை முடியப் போகிறது. கார்லிக்கு நேரில் சொல்லவேண்டிய மன்னிப்பு ஒன்று பெர்னடெட்டிடம் பாக்கி இருக்கிறது.